மிளகாய்ப் புகையில் ஒரு தங்க மெடல்

"ஐயோ... இவர் போய்ட்டாரே..."

டொரதியின் அலறல் தகரக் கூரையில் மோதி, இரண்டு மடங்காகித் திரும்பி வந்தது.

தரையில் ஓர் உடல் கிடந்தது.

தலையிலிருந்து கால் வரை சிவப்பு. வெள்ளைக் கோட்டு சிவப்பு. மீசை சிவப்பு. கழன்று தனியே கிடந்த ஒற்றைச் சப்பாத்தும் சிவப்பு!

அந்த உடலை றமீலா மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்தாள். மற்றவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவி வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உடலின் மூக்கு மெல்ல விடைத்தது...

வாய் கோணியது...

"ஹா...ச்ச்!"

பிரேதம் தும்மியது.

"கத்தாதீங்க மிஸிஸ்" என்றாள் றமீலா. "உசிரோடதான் ஈக்கார். மௌத்தானவங்க தும்ம மாட்டாங்க."

தும்மியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கலாநிதி பஸ்தியாம்பிள்ளை! தெல்தெனியவில் உள்ள 'பஸ்தியன் மசாலா' தொழிற்சாலையின் அதிபர். எந்தப் பல்கலைக்கழகத்தில் 'டொக்டர்' பட்டம் வாங்கிக் கலாநிதி ஆனார் என்று அவரிடம் ஒரே ஒரு எழுதுவினைஞர் கேட்டார். அவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார்.

அலறிய டொரதி அவர் மனைவி. தொழிற்சாலையின் பணிப்பாளரும் அவள்தான்.

கலாநிதி எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் தேசிக்காய் அளவில் ஒரு புடைப்பு. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

நெஞ்சு வெறுமையாக இருந்தது.

"டொரதி... என்ர மெடல்..."

"என்ன மெடல்?"

"என்ர தங்க மெடலைக் காணேல்லை."

டொரதி மறுபடி அலறினாள். புருஷன் விழுந்ததற்கு அலறியதைவிட இது ஒரு சுருதி கூட!

அந்த மெடலை அறியாதவர் கண்டியில் குறைவு. பாங்கொக்கில் நடந்த உலக மசாலா மாநாட்டில், 'ஆசியாவின் மசாலாச் சக்கரவர்த்தி' என்று அவருக்குச் சூட்டியதாம். சொக்கத் தங்கமாம். மாநாட்டையோ, சூட்டியவரையோ பார்த்தவர் யாரும் இல்லை. மெடலை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அம்பிட்டிய வீட்டு வரவேற்பறைப் படத்தில், மிளகாய்த்தூள் பக்கற்றில், பங்குக் கோயில் திருநாள் பனரில்... நீல நாடாவில் தொங்கியபடி.

"ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

குரல் வந்த திசையில் எல்லோரும் திரும்பினார்கள். கண் தெரியாததால் சிலர் தவறான திசையில் திரும்பினார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் எஸ்ரன்!

கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எஸ்ரனை ஊர் கண்டதில்லை. அன்று விழாப் படத்துக்காகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதுதான் அவர் செய்த பிழை. இப்போது கண்ணீர் தாரை தாரையாக வழிய, அதிகாரமாக நிற்கப் பாடுபட்டார்.

"இது விபத்து இல்ல" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கொள்ளை."

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்தவர்கள் அனைவரும் இருமினார்கள்.

சற்று நேரம் முன்வரை எல்லாம் பிரமாதமாகத்தான் நடந்தது.

புதிய மெஷின் திறப்பு விழா. ஃபீடர் என்று அதற்குப் பெயர். மேலே உள்ள பெரிய தொட்டியிலிருந்து இறங்கும் மிளகாய்த் தூளை, உள்ளே சுழலும் இறக்கைகள் அளவாக வாங்கி, கீழே காற்று சீறும் குழாய்க்குள் தள்ளிவிடும். அந்த இறக்கைகளைச் சுழற்றும் சாஃப்ட் என்ற தண்டு, இரும்புப் பெட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் துளையால் தூள் பீறிடாமல் பிடித்துவைப்பது ஒரு றப்பர் வளையம்.

சீல்.

உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஒழுங்காக வேலை செய்யும்வரை அப்படி ஒன்று இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

அதை விற்றவள்தான் றமீலா.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் 'றவூப் அன்ட் சன்ஸ்' என்று ஒரு கடை. சீல், பெயாரிங், சாஃப்ட் நுனியை மூடும் இரும்பு மூடி என்று உருளும் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். வாப்பா றவூப் மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையில் பலகையை முதலிலேயே எழுதிவிட்டார். பிறந்தது றமீலா. பலகையை மாற்றவில்லை. வாடிக்கையாளர்தான் பழகிக்கொண்டார்கள்.

கலாநிதியும் அங்கே பழைய முகம்தான். வருவார், "ஜேர்மன் சாமான் இல்லையோ?" என்பார், இல்லை என்றதும் இருப்பதை வாங்கிப்போய் ஜேர்மன் சாமான் என்று சொல்லிக்கொள்வார்.

விழாவில் நான்கு சமயத்தாரும் ஆசி வழங்கினார்கள். பாதிரியார் மெஷினுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஐயர் தேங்காய் உடைத்தார். மௌலவி துஆ ஓதினார். விகாரையிலிருந்து வந்த தேரர் கலாநிதியின் மணிக்கட்டில் பிரித் நூல் என்ற வெள்ளைக் காப்பு நூலைக் கட்டினார். கலாநிதி பொத்தானை அழுத்தினார்.

ஃபீடர் சுழன்றது. கைதட்டல் எழுந்தது. கலாநிதி மெஷின் பக்கம் குனிந்து படத்துக்கு நின்றார்.

பிறகு...

ப்பூஸ்ஸ்ஸ்!

சாஃப்ட் ஓரத்திலிருந்து சிவப்பாக ஒரு பீச்சல்! மண்டபமே மிளகாய் மூட்டமாகிவிட்டது. மிளகாய் நான்கு சமயத்தாரையும் சமமாகவே நடத்தியது. பிரதம விருந்தினர், தன் உரையில் வாக்களித்த வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் வாகனத்துக்கு ஓடினார்.

மூட்டம் அடங்கியபோது கலாநிதி தரையில் கிடந்தார்.

"மிஸ் றமீலா, இப்பிடி வாங்க" என்றார் எஸ்ரன். அவர் குரலில் தேன் தடவியிருந்தது. "ஹோல்ல சனம் எவ்வளவு?"

"நிறைய சேர்."

"அந்த மூட்டத்துல கண்ணு தெரிஞ்சது யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கு மட்டும்."

"கண்ணாடி போட்டீந்தேன் சேர்." நெற்றிக்கு உயர்த்தியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தட்டிக்காட்டினாள். "மிளகாய் மில்லுக்கு இது இல்லாம நான் வாறல்ல."

"அப்ப தூள் பறக்கும்னு முதல்லயே தெரியும்."

"குடை கொண்டு போறவங்கதான் மழையப் பெய்ய வைக்கிறாங்களா?"

யாரோ சிரித்தார்கள். எஸ்ரன் அந்தப் பக்கம் முறைத்தார். கண்ணீரோடு முறைத்ததால் அது பரிதாபமாக இருந்தது.

"மிளகாய்த் தூள முகத்துல தூவிட்டுச் சங்கிலி அறுக்கிறது பழைய டெக்னிக். நீங்க அத பெரிய அளவுல செஞ்சிருக்கீங்க. கையால தூவல. மெஷினால தூவிட்டீங்க. தேஞ்சுபோன சீல் ஒண்ண வித்து, அது பிய்யிற நேரத்துல பக்கத்துல நின்னு..."

சொல்லச் சொல்ல எஸ்ரனுக்கே தன் கதை பிடித்துப்போய்விட்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்று கலாநிதி பாய்ந்தார். "ஜேர்மன் சாமான் தாரும் எண்டு கேட்டனான். இந்தப் பிள்ளை தந்தது பழுதுச் சாமான். அவவைப் பிடியுங்கோ."

"சாமான்ல பிழையில்ல டொக்டர்."

"பின்ன?"

"பூட்டினதுல பிழை ஈக்கும்."

"எல்லாக் கடைக்காரரும் இதைத்தான் சொல்றது."

அது என்னவோ உண்மைதான். றமீலாவே ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்வாள்.

கொன்ஸ்டபிள் நிரோஷினி அவள் கைப்பையைக் கவிழ்த்தாள். ஒரு ஸ்பானர். கைக்குட்டை. பாதி தின்ற இஞ்சி டொஃபி. மெடல் இல்லை.

"கூட்டாளிகிட்ட குடுத்து அனுப்பிட்டாங்க" என்றார் எஸ்ரன், அசராமல். "பரவாயில்ல. நீதவான் முன்னால நிப்பாட்டினா ரெண்டு கிழமை ரிமாண்ட். அங்க யோசிச்சுச் சொல்லட்டும்."

றமீலா கீழே கிடந்த ஸ்பானரை எடுத்தாள்.

ரிமாண்ட்!

அதைவிட மோசமாக இன்னொன்று இருந்தது. 'றவூப் கடை சீல் பிய்ந்தது' என்ற ஒரு வரி போதும். தெல்தெனிய பஸ் கண்டிக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். குண்டசாலையிலிருந்து மாத்தளை வரை ஒரு மில்காரன் கடைப் படி மிதிக்க மாட்டான். வாப்பா கடை வாசலில் கதிரை போட்டு, வருகிறவனிடமெல்லாம் "எங்கட சாமான் பேசாது, வேலை செய்யும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இன்று அந்தக் கதிரையில் உட்கார்ந்து எதைக் கேட்பார்?

"சேர், சீல கழட்டிப் பாக்காம என்னத்த கொண்டு போய்க் கோர்ட்ல காட்டப் போறீங்க?"

எஸ்ரன் யோசித்தார். பொருட்சான்று! நீதிமன்றத்தில் அதைத் தூக்கிக் காட்டும் தன் கையை அவர் மனக்கண் பார்த்தது.

"கழட்டுங்க. என் கண் முன்னால."

"முதல்ல மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணச் சொல்லுங்க. உங்கட கண்ணையும் கழுவிக்கோங்க சேர். கண் முன்னாலன்னா கண் வேணும்தானே."

சுவிட்ச் அணைந்தது. எஸ்ரன் முகம் கழுவி வந்தார். றமீலா சாஃப்ட் பக்கம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இதுக்கு மேல ஒரு இரும்புக் கூடு ஈந்திச்சே. சாஃப்ட மூடுற கூடு. எங்க?"

"நான்தான் கழட்டச் சொன்னனான்" என்றார் கலாநிதி. "படத்தில மினுக்கம் தெரியேல்லை."

றமீலா ஸ்பானரைப் போட்டுத் திருகினாள். மூடித் தகடு கழன்றது. சீல் வெளியே வந்தது. அதன் விளிம்பில் வரிசையாக மூன்று சிறிய புள்ளிகள்.

"இது என்ன குத்து?" எஸ்ரனின் மூக்கு வியர்த்தது.

"எங்கட கடை அடையாளம். விக்கிற ஒவ்வொரு சாமான்லயும் வாப்பா மூணு புள்ளி குத்துவார். சீலோ, பெயாரிங்கோ, மூடியோ, எதுன்னாலும். வேற கடைல வாங்கினத கொண்டு வந்து மாத்தித் தாங்கன்னு நிக்கிறவங்க கண்டியில கொஞ்சமா?"

"அப்ப சாமான் உங்கடதான்னு ஒத்துக்கிறீங்க. நிரோஷினி, பையக் கொண்டு வாங்க."

"எங்கடதான். ஆனா இதப் பாருங்க."

றப்பரின் உதடு கிழிந்து தொங்கியது. கிழிசலுக்குள், சாஃப்ட்டோடு இறுகச் சுற்றியபடி...

ஒரு நூல்!

றமீலா நகத்தால் அதை நெம்பினாள். சுற்றுச் சுற்றாக வந்தது. மேலே மிளகாய்ச் சிவப்பு. உள்ளே வெள்ளை. பல இழை சேர்த்த பருத்தி நூல்.

அவள் கலாநிதியின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் பளபளவென்று கைக்கடிகாரம். கடிகாரம் மட்டும்தான்.

"டொக்டர், தேரர் கட்டின பிரித் நூல் எங்க?"

கலாநிதி கையைப் பின்னால் மறைத்தார். மறைத்த பிறகுதான் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று புரிந்தது.

"அது... மணிக்கூட்டுக்கு எடுப்பா இருக்கேல்லை. எறியக் கூடாதுதானே, பாவம். பஸ்காரன் ஸ்டியரிங்கில கட்டுறான். திரீவீல்காரன் ஹாண்டில்ல கட்டுறான். நான் பொத்தானை அழுத்த முந்தி என்ர மெஷின்ல கட்டினனான். அதில என்ன பிழை?"

"எந்த இடத்துல கட்டினீங்க?"

"மினுங்கின இடத்தில."

"சுத்துற சாஃப்ட்லயா, டொக்டர்? சீலுக்குப் பக்கத்துலயா?"

"மூண்டு முடிச்சுப் போட்டு" என்றார் கலாநிதி. அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

கூட்டத்தில் மூன்று திரீவீல் சாரதிகள் இருந்தார்கள். மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"சாஃப்ட் சுத்தச் சுத்த நூல் சீலுக்குள்ள போயீக்கு. உதட்டக் கிழிச்சீக்கு. கீழ குழாய்க் காத்து மேல தள்ள, தூள் வெளிய. சேர், நான் விக்கிற சீல் மிளகாய்த் தூளத் தடுக்கும். டொக்டர்மாரத் தடுக்காது."

எஸ்ரன் தாடையைச் சொறிந்தார். அழகான கதை ஒன்று கண் முன்னால் பிய்ந்துபோவதைப் பார்ப்பது கஷ்டம்.

"சரி. தூள் பறந்தது விபத்து. ஆனா மெடல் பறந்தது? சந்தர்ப்பத்த பயன்படுத்தி இருக்கலாம். அப்பவும் கண்ணு தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான்."

"இன்னும் ஒண்டு வருது சேர். பொறுங்க."

நூலின் கடைசிச் சுற்றோடு, கசங்கி, எண்ணெய் ஊறி, இன்னொன்று வந்தது.

நீல நிறத்தில் ஒரு துண்டு நாடா!

"மெடல் நாடா..." டொரதி முணுமுணுத்தாள்.

"கூடு இல்லாத சாஃப்ட். குனிஞ்சு போட்டோவுக்கு நின்ன டொக்டர். நாடா மாட்டிச்சு, இழுத்துச்சு, தலை இரும்புல மோதிச்சு, நாடா அறுந்துச்சு. யாரும் அறுக்கல்ல சேர். மெஷின் அறுத்துச்சு. மெடல் இதே இடத்துலதான் விழுந்தீக்கும். கொட்டின தூளுக்குள்ள."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது!

சற்று முன் கணுக்கால் வரை தூள் குவிந்திருந்த இடம்.

"தூள் எங்க?" என்றார் எஸ்ரன்.

எஸ்ரன் சுற்றிலும் பார்த்தார்.

"அவ்வளவு தூளும் எங்க போச்சு?"

டொரதி கூரையைப் பார்த்தாள். கலாநிதி சப்பாத்தைப் பார்த்தார். துடைப்பத்தோடு மூலையில் நின்ற யசோதா மட்டும் நேராகப் பார்த்தாள். தொழிற்சாலையைக் கூட்டுபவள் அவள்தான்.

"நீங்க விசாரிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே நாந்தாங்க கூட்டினேன், சார்" என்றாள் யசோதா.

"கூட்டி எங்க போட்டீங்க?"

யசோதா டொரதியைப் பார்த்தாள். டொரதியின் தலை இடமும் வலமும் மெல்ல ஆடியது.

"சொல்லுங்க யசோதா அக்கா" என்றாள் றமீலா. "நீங்க சொல்லாட்டி நான் ரிமாண்ட்ல கூட்டணும்."

யசோதா துடைப்பத்தை மேலே தூக்கிக் காட்டினாள்.

"எப்பவும் போடுற எடத்துலதாங்க. மேல தொட்டியில. வீணாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. 'பஸ்தியன் மசாலா. கை படாத தூய்மை!'

கை படவில்லைதான். கால்தான் பட்டிருந்தது.

எஸ்ரனின் முகம் வெளிறியது.

"எங்க வீட்ல... இந்தத் தூள்தான்."

"எங்க வீட்லயும், சேர்" என்றாள் நிரோஷினி.

பின்னால், விருந்துக்குக் கொண்டுவந்த புரியாணிச் சட்டியருகே காத்திருந்த சிலர், தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள்.

தொட்டிக்கு ஓர் இரும்பு ஏணி. புகழ் கிடைக்கும் வேலை என்பதால் எஸ்ரனே ஏறினார். தொட்டியின் வாயில் கம்பி கம்பியாகக் காந்தம் பூட்டியிருந்தது. மிளகாயோடு வரும் ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள.

"இருக்கு" என்று மேலிருந்து குரல் வந்தது. "மெடல் இருக்கு."

மண்டபம் கைதட்டியது. கலாநிதி கைகூப்பினார். றமீலா அன்றைக்கு முதல் முறையாக ஒழுங்காக மூச்சு விட்டாள்.

"எடுத்துக்கொண்டு வாங்கோ, இன்ஸ்பெக்டர்."

"வருதில்லையே."

"ஏன்?"

"ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எதில?"

"காந்தத்துல."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

கடைசியில் இரண்டு கையாலும் நெம்பி எடுத்து, எஸ்ரன் இறங்கி வந்தார். மெடலைப் பார்த்தார். கலாநிதியைப் பார்த்தார்.

"தங்கம் காந்தத்துல ஒட்டுமா, டொக்டர்?"

"சாதாரணத் தங்கம் ஒட்டாது" என்றார் கலாநிதி கம்பீரமாக. "இது உயர்ந்த ரகம்."

"இங்க தாங்க சேர்" என்று றமீலா கை நீட்டினாள்.

முன்பக்கம் சிங்கமும் மிளகாயும் மினுங்கின. பின்பக்கம் சாஃப்ட் உரசித் தங்க நிறம் உரிந்து, சாம்பல் இரும்பு தெரிந்தது. கைக்குட்டையால் துடைத்தாள்.

துடைத்த இடத்தை இன்னொரு முறை துடைத்தாள்.

பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல், எஸ்ரனிடம் திருப்பிக் காட்டினாள்.

வரிசையாக மூன்று புள்ளிகள்!

"பாங்கொக்ல குடுத்ததுன்னு சொன்னீங்களே டொக்டர். இது குட்ஷெட்டுக்குப் பின்னால குடுத்தது. சாஃப்ட் நுனிய மூடுற மூடி. முந்தி ஒரு நாள் தனியா வந்து, நல்லா மினுங்கிற ஒண்டாத் தாரும் பிள்ளைன்னு கேட்டீங்க. எந்த மெஷினுக்குன்னு வாப்பா கேட்டதுக்குப் பேசாம போயிட்டீங்க."

கலாநிதியின் மீசை தொய்ந்தது.

"பிள்ளை... இது உம்மட கடைச் சாமான் இல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடும். உமக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்பிடிச் சொல்றது? சீலும் எங்கட. மூடியும் எங்கட. ரெண்டும் நல்ல சாமான். ரெண்டையும் நீங்க பூட்டின இடத்துலதான் பிழை."

எஸ்ரன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மெதுவாக மாட்டிக்கொண்டார். மாட்டியதும் பழைய எஸ்ரன் ஆனார்.

"தங்கம் களவு போச்சுன்னு பொலிசுக்குப் பொய் சொன்னது ஒரு கேஸ். தரைல கூட்டின தூள விக்கிறது இன்னொரு கேஸ். டொக்டர், ஸ்டேசனுக்குப் போவோமா?"

"ஒரு நிமிசம், இன்ஸ்பெக்டர்."

சொன்னது டொரதி. தன் வலக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இரண்டு தடித்த தங்கக் காப்புகள். வெள்ளி விழாக் கல்யாண நாளுக்குக் கலாநிதி போட்டவை.

விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள்.

"டொரதி... ஏன் அங்க ஏறுறீர்? விழுந்துபோவீர். இறங்கி வாரும்..."

டொரதி கையைத் தொட்டியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

டக்!

இரண்டாவது காப்பும்...

டக்!

டொரதி காப்புகளைக் காந்தத்திலேயே விட்டுவிட்டு, கையை மட்டும் உருவி எடுத்தாள். அதே கையைத் தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டாள். ஒரு பிடி மிளகாய்த் தூளை இறுக மூடிய சிவந்த கையோடு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.

"பஸ்தியன்..." என்றாள். அலறவில்லை. மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

கலாநிதி எஸ்ரனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். எஸ்ரன் நிரோஷினியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

றமீலா ஸ்பானரைக் கைப்பையில் போட்டாள். நெற்றியிலிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, கலாநிதியின் கையில் வைத்தாள்.

"போட்டுக்கோங்க டொக்டர். இது ஜேர்மன் சாமான்."